மூன்றாம் நம்பர் பானைத்தலையன்

ஹார்ட்வெல் தோட்டம்,
கோலா சிலாங்கூர்.
12.2.1984

அன்புள்ள அண்ணன் நல்லசாமி அவர்களுக்கு, தங்கை வேலம்மா எழுதிக்கொண்டது.

மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே நானும் மகள் ரமணியும் சுகமாக இருக்கிறோம். உங்களுக்கும் அண்ணி தங்கமணிக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பு எப்படி? அண்ணியின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினேனே, வந்து சேர்ந்தது என்று ஒரு வரி கிடையாது. ரவாங்குக்குப் போய் மகன் வீட்டில் உட்கார்ந்ததும் பேனாவுக்கும் பென்ஷன் கொடுத்துவிட்டீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் இஞ்சின் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். லோரி நிறுத்த இடம் வேண்டுமாம். தண்டவாளத்தைப் பிடுங்கியதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக உள்ளே துருப்பிடித்துக் கிடக்கும் நாலு பானைத்தலையன் இஞ்சின்களும் பழைய இரும்புக்காரனுக்குப் போகின்றன. அதற்குள் கிள்ளானிலிருந்து சிவானந்தம் என்று ஒருவர் வந்து குறுக்கே விழுந்தார். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வெள்ளைக்காரன் காலத்துக் குட்டி இஞ்சின்களைத் தேடித் தேடிக் கணக்கெடுக்கிறாராம். பல் விளக்கும் பிரஷ்ஷும் டார்ச் லைட்டுமாக இஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். புல்வெட்டுப் பெண்கள் விடுவார்களா? "ஐயா இஞ்சினுக்குப் பிரசவம் பாக்குறாருலா" என்று ஒரே சிரிப்பு.

அவர் துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு இஞ்சினை மட்டும் காப்பாற்றிவிட்டார். அதற்குப் பெயின்ட் அடித்து, கோயில் முச்சந்தியில், என் வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தப் போகிறார்கள். எதைத் தெரியுமா? மூன்றாம் நம்பரை!

அண்ணே, மூன்றாம் நம்பரை! என் வீட்டுக்காரரை, உங்கள் மாப்பிள்ளை உடையப்பனை, பழம் ஏற்றும் பெட்டிக்கும் தனக்கும் நடுவில் வைத்து நசுக்கிய சனியனை! மெர்டேக்கா வருஷம், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஐம்பத்தேழு ஐப்பசி மாதம், பெட்டி மாட்டப் போன மனுஷனைப் பாயில் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். நான் ஏழு மாதம். அதற்குப் பிறகு அந்த இஞ்சினை யாரும் ஓட்டவில்லை, காவு வாங்கியது மறுபடியும் கேட்கும் என்று அத்தனை பேரும் விலகிவிட்டார்கள். ஓடாமல் கிடந்ததால் தேய்மானம் இல்லையாம், அதனால் அதுதான் நல்ல இஞ்சினாம். நியாயமா இது? தினமும் காலையில் கதவைத் திறந்தால் நான் அதன் முகத்தில் விழிக்க வேண்டுமா?

வைப்பதென்றால் ஐந்தாம் நம்பரை வைக்கட்டும். அவர் போன இரண்டாம் மாதம் எனக்கு இடுப்பு வலி கண்டபோது சடக்கு முழுவதும் வெள்ளம், ஒரு வண்டி போக வழியில்லை. நீங்கள்தானே ஐந்தாம் நம்பரின் தீயைத் தூண்டி, என்னைப் பெட்டியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குப் படகு பிடிக்கக் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனீர்கள்? கரைக்குப் போவதற்குள் ரமணி பிறந்துவிட்டாள். ஐந்தாம் நம்பர் இல்லாவிட்டால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை.

சிவானந்தம் ஐயா உங்களைத்தான் தேடுகிறார். அந்தக் காலத்துப் பிட்டர் நல்லசாமி எங்கே என்று ஊரெல்லாம் விசாரித்தார். உங்கள் விலாசம் கொடுத்திருக்கிறேன். உங்கள் வார்த்தைக்கு மதிப்புக் கொடுப்பார். ஐந்தை வைக்கச் சொல்லி எழுதுங்கள். எனக்காக இது ஒன்றைச் செய்யுங்கள்.

அண்ணி கையைப் பிடித்துக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கை வேலம்மா


ரவாங்.
25.3.1984

அன்புத் தங்கச்சி வேலம்மாவுக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பையும் ரமணி உடம்பையும் பார்த்துக்கொள். நொச்சி இலை வந்தது. அண்ணி வேது பிடித்தாள், கொஞ்சம் தேவலை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார்.

இங்கே வெயில் தாங்கவில்லை. கல்லுடைக்கும் புழுதி வீட்டுக்குள்ளேயே வருகிறது. மகன் கூரையில் மாட்டும் காற்றாடி வாங்கி வந்தான். மாட்ட ஆள் வைத்தான். வந்தவன் இறக்கையைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போய்விட்டான், காற்று மேலே போயிற்று. நானே ஏணி போட்டுக் கழற்றி மாட்டினேன். இப்போது நன்றாகச் சுற்றுகிறது. மூன்று வேகம் இருக்கிறது. இரண்டில் வைத்தால் போதும், மூன்றில் வைத்தால் காகிதமெல்லாம் பறக்கிறது.

இஞ்சின் விஷயம். எந்த இஞ்சின் நின்றால் என்ன வேலம்மா, இரும்பு இரும்புதானே. முச்சந்தியில் இஞ்சின் எதற்கு? மாடு முட்டிக்கொள்ளும், பிள்ளைகள் ஏறி விழும். ஒரு வேப்பங்கன்று நட்டால் நிழலாவது கிடைக்கும் என்று அந்த ஐயாவிடம் சொல். நாலையும் இரும்புக்காரனே கொண்டுபோகட்டும். அதுதான் எல்லோருக்கும் நல்லது.

ரமணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை கடினமா? அவளுக்கு என் ஆசிகள்.

அண்ணன்,
நல்லசாமி


ஹார்ட்வெல் தோட்டம்.
2.4.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

கண்ணுக்கு மருந்து ஊற்றிக்கொள்ளுங்கள், வெயிலில் அலையாதீர்கள். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, கோபத்தைத் தவிர.

ஒன்றரைப் பக்கத்தில் ஒரு பக்கம் காற்றாடி! நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள்? ரமணி வாசித்துவிட்டு, "மாமா காத்தாடி கம்பெனியில வேலைக்குச் சேந்துட்டாராம்மா?" என்கிறாள்.

இரும்பு இரும்புதானே என்று நீங்கள் எழுதலாமா? முப்பது வருஷம் அந்த இரும்புக்கு எண்ணெய் விட்டவர் நீங்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் ஐந்தாம் நம்பருக்குப் பட்டையடித்துப் பொட்டு வைக்கிறேனே, அது வெறும் இரும்புக்கா? கொட்டகைக்குப் போகும் போதெல்லாம் மூன்றைக் கண்டால் காறித் துப்பிவிட்டுத்தான் தாண்டுகிறேன், அது வெறும் இரும்பின் மேலா? நாலையும் கொடுத்துவிட்டால் ஐந்தும் அல்லவா போய்விடும்? அதை வெட்டி உருக்குவதை நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

சிவானந்தம் ஐயா நேற்று என் வீட்டில் தேநீர் குடித்தார். தங்கமான மனுஷர். "அம்மா, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அஞ்சாம் நம்பர் ரொம்பத் தேஞ்சு போச்சு. உங்க அண்ணன் பிட்டர். அவர் சொன்னா நான் யோசிக்கிறேன்" என்றார். கடைசி வார்த்தை உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு காகிதத்தில் நாலு வரி. அதற்கு உங்களுக்கு என்ன தயக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வேலம்மா


கிள்ளான்.
20.4.1984

மதிப்புக்குரிய திரு. நல்லசாமி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன். அறிமுகமில்லாதவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளவும்.

ஹார்ட்வெல் தோட்டத்து இஞ்சின்களைப் பற்றி நான் சேர்த்திருப்பதை முதலில் சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். இந்த ரகத்தில் மொத்தமே ஆறு. 1926-இல் ஜெர்மனியில் செய்து, பிரித்துப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். துறைமுகத்திலிருந்து தொங்கான் படகில் ஏற்றி ஆற்று வழியாகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பூட்டினார்கள். நாலு சக்கரம், ஏழு டன் எடை, இரண்டடி அகலத் தண்டவாளம். செம்பனைக் கொட்டை ஓட்டை எரித்ததால் பொறி பறக்கும். பொறியைப் பிடிக்கத்தான் புகைபோக்கியின் தலையில் அந்தப் பெரிய பானை. ஒன்றும் ஆறும் ஜப்பான்காரன் காலத்தில் காணாமல் போயின. மீதி இஞ்சின்களைத் தாங்கள்தான் 1971 வரை உயிரோடு வைத்திருந்தீர்கள். ஒரு பட்டறைக்காரனாக எனக்கு அது பெரிய சாதனை.

இப்போது என் குழப்பம். இந்த ரகத்தில் ஒவ்வொரு உறுப்பிலும் இஞ்சினின் நம்பரைக் கொத்தியிருக்கிறார்கள். பித்தளைத் தகட்டில் 3 என்று இருக்கும் இஞ்சினைச் சுத்தம் செய்தால், சக்கரங்களை இணைக்கும் தண்டில் 5 என்று இருக்கிறது. தகட்டில் 5 என்று இருப்பதில் எல்லா இடத்திலும் 3. தண்டுகள் பழுதுபார்க்கும்போது மாறக்கூடும். எப்போது மாறின என்று தங்களுக்கு நினைவிருக்கிறதா?

முச்சந்தியில் வைக்கும் அறிவிப்புப் பலகையில் அந்த இஞ்சினின் சரித்திரத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதப் போகிறோம். அதில் பிழை வரக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
சிவானந்தம்


ரவாங்.
3.5.1984

சிவானந்தம் ஐயா அவர்களுக்கு வணக்கம். தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி.

தண்டு மாறுவது சகஜம். கையில் கிடைத்ததை மாட்டி ஓட்டுவோம். வயதாகிவிட்டது, தேதி எல்லாம் நினைவில்லை. பலகையில் அவ்வளவு எழுத வேண்டுமா? பழைய இஞ்சின் என்று மட்டும் எழுதினால் போதும் என்பது என் தாழ்மையான கருத்து.

இப்படிக்கு,
நல்லசாமி


கிள்ளான்.
28.5.1984

மதிப்புக்குரிய நல்லசாமி ஐயாவுக்கு,

வணக்கம். கண் சிகிச்சை நடப்பதாகத் தங்கள் தங்கையார் சொன்னார். விரைவில் குணமாகட்டும்.

மனம் நோகாமல் இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். தண்டு மாறலாம் ஐயா, வால்வு மாறலாம். அடிச்சட்டம் மாறாது. சட்டம்தான் இஞ்சின், மற்றதெல்லாம் அதன்மேல் பூட்டியவை. சட்டத்தை முந்தாநாள் சுரண்டிப் பார்த்துவிட்டேன். மாறியது தண்டு அல்ல, தகடு. நாலே போல்ட். மாற்றியது தெரிந்த கை. பழைய துளையில் வெள்ளீயம் வைத்து மிக நேர்த்தியாக மூடியிருக்கிறது.

1957-ஆம் ஆண்டு விபத்துப் பதிவேட்டையும் பார்த்தேன். தங்கள் தங்கையின் கணவரைக் கொன்றது மூன்றாம் நம்பர் என்று அதில் எழுதியிருக்கிறது.

ஏன் என்று நான் கேட்கவில்லை. தங்கையாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொல்வதற்கு நான் யார்? ஆனால் தகடுகளைச் சரியான இஞ்சினில் மாட்டாமல் பலகையில் பொய் எழுதி என்னால் கையெழுத்துப் போட முடியாது. துரையிடம் பேசி வேலையைத் தீபாவளி வரை தள்ளிவைத்திருக்கிறேன். பெயின்ட்காரனும் பலகை எழுதுபவனும் வருவதற்கு முன்னால் அந்த அம்மாளுக்குத் தெரிய வேண்டும். அதுவும் தங்கள் வாயால் தெரிய வேண்டும்.

அன்புடன்,
சிவானந்தம்


ரவாங்.
10.6.1984

என் உயிரான தங்கச்சி வேலம்மாவுக்கு,

நீயும் ரமணியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதை ரமணி இல்லாதபோது வாசி. வாசிக்கும் முன் உட்கார்ந்துகொள்.

கொட்டகையில் மூன்றாம் நம்பர் தகட்டோடு கிடப்பது மூன்றாம் நம்பர் இல்லை. அது ஐந்து. நீ பொட்டு வைப்பதுதான் மூன்று. உடையப்பனைக் கொன்றது அதுதான். தகடுகளை மாற்றியவன் நான்.

உனக்கு அந்த நாட்கள் நினைவிருக்காது, நீ நினைவோடு இல்லை. உடையப்பன் போனதும் மூன்றைத் தொட மாட்டோம் என்று டிரைவர், பயர்மேன், பெட்டி மாட்டுபவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் பயம்தான். ஐந்து அப்போது பாய்லர் டியூப் கழற்றிப் போட்டுக் கிடந்தது, சிங்கப்பூரிலிருந்து டியூப் வர வேண்டும். இரண்டாம் நம்பரும் படுத்துவிட்டது. நாலாம் நம்பர் ஒன்றுதான் ஓடியது. மலை மலையாகப் பழம் அழுகிற்று. துரை என்னைக் கூப்பிட்டான். பக்கத்தில் நின்ற ஆபீஸ் கிராணி மொழிபெயர்த்தான்: "திங்கக்கிழமைக்குள்ள பழம் போகணும். இல்லன்னா ஆளக் குறைப்பாராம். மொதல்ல, வேலைக்கு ஆள் இல்லாத வீடுகளக் காலி பண்ணச் சொல்றாரு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். லயத்தில் வேலைக்கு ஆள் இல்லாத வீடு அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். ஏழு மாத வயிற்றோடு நீ எங்கே போவாய்?

பதினாறாம் நாள் காரியத்தன்று தோட்டமே உன் வீட்டு வாசலில் இருந்தது. வாழையிலை குறைகிறது, வெட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். கொட்டகையில் ஒரு ஈ காக்கை இல்லை. கால் மணி நேரம் ஆயிற்று. தகடுகளை மாற்றிவிட்டு, வாழையிலையும் வெட்டிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தேன். ஐந்துக்கு டியூப் வந்துவிட்டது, பூட்டிவிட்டேன் என்று மறுநாள் காலை எல்லோரும் கூடும் பெரட்டில் சொன்னேன். நான் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? சந்தோஷமாக ஏறி ஓட்டினார்கள். பிறகு நிஜமாகவே வந்த டியூபை இரண்டாம் நம்பருக்குப் போட்டுவிட்டு, அசல் ஐந்தை மூலையில் தள்ளிவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு மாதம் கழித்து உனக்கு வலி வந்தது. நாலாம் நம்பர் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டது. கொட்டகையில் சூடாக இருந்தது ஐந்தின் தகடு மாட்டிய மூன்றாம் நம்பர் மட்டும்தான். புருஷனைக் கொன்றதிலேயே பெண்டாட்டியை ஏற்றுகிறோமே என்று நினைத்துக்கொண்டேதான் உன்னைத் தூக்கிப் படுக்க வைத்தேன். போகும் வழியெல்லாம் ஆத்தாளை வேண்டிக்கொண்டே ஓட்டினேன். குழந்தை அழுத சத்தம் கேட்டபோது நானும் அழுதேன். நீ இறங்கும்போது அதைத் தொட்டுக் கும்பிட்டாய். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பச்சை உடம்புக்காரி, நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை.

சிவானந்தம் ஐயா கண்டுபிடித்துவிட்டார். அவர் கண்டுபிடிக்காவிட்டால் எழுதியிருப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

எதை வைப்பது என்று நீயே சொல். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. நியாயம்தான்.

அண்ணன்,
நல்லசாமி


ரவாங்.
19.8.1984

தங்கச்சிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் நிற்கிறேன். கடிதம் கிடைக்கவில்லையோ என்று கூட ஆசையாக நினைத்துப் பார்க்கிறேன். கிடைத்திருக்கும், தெரியும்.

ஒரு வரி போதும். திட்டியாவது ஒரு வரி.

நல்லசாமி


ஹார்ட்வெல் தோட்டம்.
7.10.1984

அண்ணனுக்கு வேலம்மா எழுதுவது.

உங்கள் சுகத்தை விசாரிக்கும் அளவுக்கு மனசு இன்னும் இறங்கவில்லை. அண்ணியின் முழங்கால் சுகமாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எழுதலாம் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தால் சாபம்தான் வந்தது. கூடப் பிறந்தவனுக்குச் சாபத்தை எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவேனா? அதனால்தான் எழுதவில்லை.

இத்தனை ஆயுத பூஜை, அண்ணே! "நீதாண்டா என் புள்ளயக் காப்பாத்துனே" என்று நான் அந்த இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதெல்லாம், நீங்கள் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டு நின்றீர்களே! ஒரு வருஷமாவது "வேணாம் புள்ளே" என்று வாய் வரவில்லையா? என்னைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டீர்களே என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டு இராஜம்மா ஓடி வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை பூஜை. குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன். எதற்குப் பொட்டு வைப்பது என்று தெரியவில்லை. சிவானந்தம் ஐயா இருந்தார். அந்த நம்பரைக் காட்டுங்கள் என்றேன். "வேணாம்மா, அழுக்கு" என்றார். சாக்கை விரித்துப் படுத்து நானே உள்ளே நகர்ந்தேன். வாசலில் நின்ற புல்வெட்டுப் பெண்களில் ஒருத்தி சிரிக்காமல் வந்து என் முந்தானையை ஒதுக்கிவிட்டாள். ஐயா டார்ச் அடித்தார். நான் கும்பிட்ட இஞ்சினின் வயிற்றில் 3 என்று கொத்தியிருந்தது. விரலை வைத்துத் தடவினேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவரைக் கொண்டுபோனதும் அது, ரமணியைக் கொண்டுவந்ததும் அது. திட்டவும் வாய் வரவில்லை, கும்பிடவும் கை வரவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் மூலையில் இருந்ததைப் பார்த்தேன். எத்தனை தடவை அதன்மேல் துப்பியிருப்பேன். பிள்ளைகளைக் கூடத் துப்பச் சொல்லியிருக்கிறேன். அது ஒரு பாவமும் செய்யவில்லை. எவனோ செய்ததற்குப் பழியைத் தூக்கிக்கொண்டு மூலையில் கிடந்திருக்கிறது.

எனக்கு அழுகை அங்கேதான் வந்தது. அவர் போன பிறகு என்னை என்ன செய்தார்கள்? வெளியூர் கிளம்புகிறவர்கள் நான் எதிரே வந்தால் திரும்பிப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். வளைகாப்பு வீட்டில் வாசலோடு வெற்றிலை கொடுத்து அனுப்புவார்கள். ராசி இல்லாதவளாம். அதே வேலையை நான் அதற்குச் செய்திருக்கிறேன். "மன்னிச்சுக்கடா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பொட்டு வைத்தேன்.

இதையே வையுங்கள், இதன் நம்பரை இதற்கே கொடுங்கள் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். போல்ட் இறுகிப்போய் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுக் கழற்றினார். அசல் மூன்றைப் பற்றிக் கேட்டார். போகட்டும் என்றேன். நேற்று லோரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. ரமணியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவளும் லீவு போட்டு வந்து நின்றாள். ஈஜோக் சடக்கில் திரும்பும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தகடு மாற்றியதை நான் மன்னித்துவிடுவேன். எனக்கு வீடு வேண்டும் என்றுதானே செய்தீர்கள். என்னால் மன்னிக்க முடியாதது வேறு. அதைக் கேட்டுவிடுகிறேன். மெர்டேக்கா வருஷத்திலிருந்து நீங்கள் என் வீட்டில் ஒரு வேளைச் சோறு சாப்பிட்டதில்லை. வாசலில் நின்று பேசுவீர்கள், அவசரம் என்பீர்கள். பெரிய மகன் கல்யாணத்தில் கிழவிகள் என்னை அடுப்படிக்குப் போகச் சொன்னார்கள். சபை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்தீர்கள், பேசாமல் போனீர்கள். என் அண்ணனுக்கும் நான் ராசி இல்லாதவள்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சின்னவன் தனபாலனுக்குப் பெண் பார்த்திருப்பதாகக் கேள்வி. நன்றாக இருக்கட்டும். நான் வர மாட்டேன்.

வேலம்மா


ரவாங்.
12.10.1984

என் தங்கச்சி வேலம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. அண்ணி வாசித்துக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் அவளால் வாசிக்க முடியவில்லை, நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

நீ தாலி அறுத்தவள் என்று நான் ஒரு நாளும் உன்னை விலக்கவில்லை. ஆத்தா மேல் ஆணை. உன் வீட்டுக்குள் வந்தால் அவன் படம் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து, உன் கையால் போட்ட சோற்றை எப்படித் தின்பேன்? அதனால்தான் வாசலோடு நின்றேன். அது உனக்கு அப்படித் தெரியும் என்று எனக்குப் புத்தி போகவில்லை, தங்கச்சி. முட்டாள் நான்.

கல்யாணத்தன்று பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். அவர்களை ஒரு அதட்டு அதட்டியிருந்தால் நீ முன்வரிசைக்கு வந்திருப்பாய். வந்தால் சபையில் என் எதிரே நிற்பாய், நாள் முழுக்க உன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். என் பாவத்தை மறைக்க உன்னை அடுப்படியில் உட்கார வைத்தேன். தகடு மாற்றியதை விட இதுதான் பெரிய பாவம். மன்னிக்காதே, மன்னிக்க வேண்டாம். ஆனால் வர மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

தனபாலன் கல்யாணம் தை மாதம். தாலித் தட்டைச் சபைக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்கி வர வேண்டும். அதை அவன் அத்தை நீதான் செய்ய வேண்டும். அண்ணியிடம் இப்போதுதான் சொன்னேன். "இதச் சொல்ல ஒங்களுக்கு இத்தன வருஷமா?" என்று கேட்டாள். எவளாவது முணுமுணுத்தால் அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உடையப்பன் படத்துக்குக் கீழேயே பாயைப் போடு. மத்தியானச் சோறு உன் வீட்டில்தான். சபைக்கு உடுத்த உனக்குச் சேலை எடுத்து வருகிறேன். நல்ல சிவப்பு.

உன் அண்ணன்,
நல்லசாமி